வெறுக்கப்பட்டவரின் வக்காலத்து

2024 மார்ச் தொடக்கத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். சில நாள் தேடலுக்குப் பிறகு அவள் உடல் கழிவுநீர் வாய்க்காலில் கிடைத்தது. இருவர் கைதானார்கள். மறியல், கடையடைப்பு என்று நகரமே தெருவுக்கு வந்தது. பிள்ளை பெற்ற எவருக்கும் அந்த நாட்கள் மறக்காது. அப்போது எழுந்த குரல்களில் ஒன்று, கைதானவர்களுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்பது. நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் அந்தக் குரலுக்கு ஆதரவு இருந்தது.

கோபத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோரிக்கை தவறு. வக்கீல் தொழிலின் அறத்துக்கு அது எதிரானது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நீதியையே அது குலைத்துவிடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு வழக்கு குலைந்திருக்கிறது.

2017 பிப்ரவரியில் சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவ்வளவு விரைவாகத் தீர்ப்பு வந்ததே என்று தமிழ்நாடு ஆறுதல் அடைந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2025 அக்டோபர் 8 அன்று, உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது.

அந்தத் தீர்ப்பைப் படிப்பவர்களுக்கு வயிறு எரியும். குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் எதிரிக்கு வக்கீலே இல்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்டார். அவர் கேஸ் கட்டைப் படித்து முடிப்பதற்குள், நான்கே நாளில், சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. கண்காணிப்பு கேமராப் பதிவு, மரபணுச் சோதனை என்று அரசுத் தரப்பு எதையெல்லாம் நம்பி நின்றதோ அவை எதுவும் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை நீதிமன்றத்திலேயே ஒரு நல்ல வக்கீல் நின்று அந்த ஓட்டைகளைத் தோண்டியிருந்தால், அரசுத் தரப்பு அன்றே அவற்றை அடைக்க முயன்றிருக்கலாம். அடைக்க முடியாதவை என்றால், உண்மைக் குற்றவாளி யார் என்ற தேடலாவது அன்றே தொடங்கியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. எட்டரை ஆண்டு கழித்து அந்தப் பெற்றோர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

எதிரியின் வக்கீல் தன் கட்சிக்காரருக்காக மட்டும் வேலை செய்வதில்லை. அவர் அடிக்கிற ஒவ்வோர் அடியும் தீர்ப்பு தாங்குமா என்று பார்க்கிற சோதனை. அந்தச் சோதனையைத் தாண்டி வந்த தீர்ப்புதான் மேல்முறையீட்டிலும் நிற்கும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கோயம்புத்தூரில் வக்கீல் ஒருவரைப் போலீஸார் தாக்கியதாகப் புகார் எழுந்தபோது, அந்தப் போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த விவகாரம் ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு அளித்த தீர்ப்பு, நாட்டில் எந்த வழக்கறிஞர் சங்கம் இப்படித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது, சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் புறம்பானது என்று அறிவித்தது. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளும் அதையே சொல்கின்றன. உரிய கட்டணத்துக்கு வரும் வழக்கை, தனிப்பட்ட தக்க காரணம் இல்லாமல் வக்கீல் தள்ளக் கூடாது. கட்சிக்காரர் குற்றவாளி என்று தன் மனதுக்குப் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டும். போதிய சாட்சியம் இல்லாமல் எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்குத்தான் வக்கீலின் விசுவாசம்.

அந்த 2010 தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகூட ஆகாத 2018 ஜூலையில், அயனாவரத்தில் பதினொரு வயதுச் சிறுமி பலரால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான வழக்கு வெடித்தது. 17 பேர் கைதானார்கள். அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் அறிவித்தது. நீதிமன்ற வளாகத்திலேயே, அழைத்து வரப்பட்ட அந்த 17 பேரையும் வக்கீல்கள் சூழ்ந்து அடித்தார்கள். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். ஒருவர் விசாரணைக் காலத்தில் இறந்துபோயிருந்தார். ஒருவர் விடுதலை ஆனார். அடி விழுந்த நாளில் அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் விசாரணை என்ற ஒன்று இருக்கிறது. அதைத் தொழிலாகக் கற்றவர்களே கை ஓங்கினார்கள் என்பது ஆறாத வருத்தம்.

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் மற்ற ஊர்களைவிட நீண்ட நினைவு இருக்க வேண்டும். இந்த ஊரின் ஆரம்ப காலப் பெரிய வழக்கே வக்கீல் இல்லாமல் நடந்த வழக்குதான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக, ஊரிலேயே செல்வாக்கு மிக்க தமிழராக இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமன் முறை. 1716-இல் கவர்னர் ஆந்த்ரே எபேர் அவரைக் கைது செய்தார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார், குடிகளைக் கலகத்துக்குத் தூண்டினார் என்பவை குற்றச்சாட்டு. பின்னணியில் ஏசு சபைப் பாதிரிமாரின் நெருக்குதல் இருந்தது. கம்பெனியின் தலைமைத் தரகர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் விருப்பம்.

அன்று பிரான்சில் நடப்பில் இருந்த 1670-ஆம் ஆண்டுக் குற்றவியல் ஆணைப்படி, கடுங்குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. கேட்ட கேள்விக்கு அவரே, தனியாக, பதில் சொல்ல வேண்டும். நைனியப்பருக்குப் பிரெஞ்சு தெரியாது. போர்த்துகீசியம் நன்றாகத் தெரியும், விசாரித்தவர்களுக்கும் அது புரியும். இருந்தும் பாதிரிமாரின் உபதேசியார் மகனே மொழிபெயர்ப்பாளராக நடுவில் நிறுத்தப்பட்டார். தமிழில் சாட்சி சொன்னவர்கள், தங்களால் படிக்க முடியாத பிரெஞ்சுத் தாள்களில் கையெழுத்துப் போட்டார்கள். தீர்ப்பு வந்தது: கடைவீதியில் ஊரார் முன் 50 கசையடி, மூன்று ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், அதன்பின் நாடு கடத்தல். நாடு கடத்தும் வரை அவர் உயிரோடு இல்லை. 1717-இல் சிறையிலேயே இறந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தரப்பை எடுத்துச் சொல்ல ஆள் வந்தது. பிள்ளைகளும் பிரெஞ்சு வணிகர்கள் சிலரும் பாரிஸுக்கு முறையிட்டார்கள். சாட்சியம் எப்படித் திரட்டப்பட்டது என்ற கதை வரி வரியாக வெளியே வந்தது. எபேர் பதவி இழந்து கப்பல் ஏற்றப்பட்டார். நைனியப்பரின் தண்டனை செல்லாது என்று மன்னரின் பெயரால் அறிவிக்கப்பட்டது. மகன் குருவப்பர் பாரிஸ் போய்த் திரும்பி, தந்தை இருந்த அதே பதவியில் அமர்ந்தார். இந்த வழக்கின் ஆவணங்களைத் தோண்டி வரலாற்றாசிரியர் டேனா ஆக்மன் 2017-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த ஆவணங்கள் காட்டும் உண்மை ஒன்று. நைனியப்பருக்கு எதிரான சாட்சியத்தை உடைக்க மேதை யாரும் தேவைப்படவில்லை. மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, யார் சொன்னது, யார் எழுதினது, படித்துக் காட்டினீர்களா என்று கேட்டிருந்தாலே போதும்.

பிரான்சிலும் 1670-இன் அந்த முறை மாற ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டு ஆனது. 1789 புரட்சிக்குப் பிறகுதான் குற்றம் சாட்டப்பட்டவர் அருகில் வக்கீல் நிற்க முடிந்தது. 1808-ஆம் ஆண்டுக் குற்றவியல் விசாரணைச் சட்டம் இன்னும் ஒரு படி போனது: பெருங்குற்ற வழக்கில் எதிரி வக்கீல் வைத்துக்கொள்ளாவிட்டால் நீதிபதியே அங்கேயே ஒருவரை நியமிக்க வேண்டும், இல்லையென்றால் விசாரணையே செல்லாது. இடையில் 1792-இல், பதினாறாம் லூயி மன்னருக்காக வாதாட யாரும் முன்வரத் தயங்கியபோது, எழுபதைக் கடந்த மால்சேர்ப் தாமாகவே பெயர் கொடுத்தார். மன்னராட்சியில் அமைச்சராக இருந்தவரும், அதே ஆட்சியின் தணிக்கையிலிருந்து அறிஞர்களின் நூல்களைக் காப்பாற்றியவரும் அவர்தான். இரண்டு ஆண்டுக்குள் அவர் தலையும் வெட்டப்பட்டது. அதே 1792-இல், இங்கிலாந்தில் எழுத்தாளர் தாமஸ் பெய்னுக்காக நின்ற வக்கீல் தாமஸ் எர்ஸ்கின், வேல்ஸ் இளவரசரிடம் வகித்த சட்டப் பதவியை இழந்தார்.

இன்றைய புதுச்சேரியை வெளியுலகம் அறிவது பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமத்தால். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே வந்து இறங்கியதற்கும் ஒரு வக்கீலே காரணம். 1908 ஏப்ரல் இறுதியில் முசாபர்பூரில் வேறொருவருக்கு வைத்த குறி தவறி, குண்டு வீச்சில் ஆங்கிலேயத் தாயும் மகளும் இறந்தார்கள். கல்கத்தாவின் வெள்ளையர் சமூகத்துக்கு அது பொறுக்க முடியாத கொடூரம். குற்றமறியாத இரண்டு பெண்கள். அந்தக் கோபத்தையும் போலி என்று சொல்ல முடியாது. தொடர்ந்து அரவிந்தர் மீதும் பிறர் மீதும் நடந்த அலிப்பூர் வழக்கில் அரசுத் தரப்புக்குப் பெரும் கட்டணத்தில் வாதாடியவர் சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன். அரவிந்தருக்காக நின்றவர் சித்தரஞ்சன் தாஸ். பல மாதம் மற்ற வழக்குகளை ஒதுக்கிவைத்து, கட்டணமும் பாராமல், கடன்பட்டு அந்த வழக்கை நடத்தினார். 1909 மே மாதம் அரவிந்தர் விடுதலை ஆனார். கல்கத்தா வக்கீல்கள் கூடி யாரும் ஆஜராகக் கூடாது என்று அன்று முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் புதுச்சேரிக்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

அண்மைக் கால உதாரணம் வேண்டுமென்றால், அது நெஞ்சைக் கனக்கச் செய்யும் ஒன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. அன்றைய மனநிலையில் அவர்கள் பக்கம் நிற்பது எளிதா? மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். 1999 மே மாதம் தீர்ப்பு வந்தது. நான்கு பேருக்கு மரண தண்டனை உறுதியானது, மூவருக்கு ஆயுளாகக் குறைந்தது. மீதி 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். வக்காலத்து இல்லை என்று ஊர் சொல்லி, வக்கீல்களும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால், அந்த 19 உயிர்களைப் பற்றிப் பேச இன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இங்கே எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். எல்லாருக்காகவும் நிற்பவர் என்றால், வக்கீல் கூலிக்கு நாக்கை வாடகை விடுபவரா? வீட்டில் பொய் சொல்லாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, கறுப்பு கவுன் மாட்டியதும் வேறு அறத்துக்கு மாறிவிடலாமா?

தத்துவ அறிஞர்கள் இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டாக மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வாட்டர்கேட் ஊழலில் சிக்கியவர்களில் ஏராளமானோர் வக்கீல்கள் என்ற அதிர்ச்சியின் பின்னணியில், 1975-இல் ரிச்சர்ட் வாசர்ஸ்ட்ரோம் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தன் பாத்திரத்துக்குள் மட்டும் நின்று யோசிக்கும் வக்கீலுக்கு உலகம் ரொம்பச் சுருங்கிவிடுகிறது, கட்சிக்காரரின் நன்மை தவிர மற்றதெல்லாம் அவர் கண்ணில் படாமல் போகிறது, இந்தப் பழக்கம் ஆளையே கெடுக்கக் கூடும் என்பது அவர் எச்சரிக்கை. அடுத்த ஆண்டே சார்லஸ் ஃபிரைட் மறுமொழி எழுதினார். நண்பனுக்கு ஒரு துன்பம் என்றால், ஊர் நன்மையைக் கணக்குப் பார்த்துவிட்டா பக்கத்தில் போய் நிற்கிறோம்? வக்கீல் சட்ட விஷயத்தில் மட்டும் நண்பர், அந்த ஒருதலைப் பரிவே ஓர் அறம் என்றார்.

ஃபிரைட் சொன்னது சிறைக் கம்பிக்குள் இருப்பவருக்குச் சரியாகப் பொருந்துகிறது. போலீஸ், அரசு வக்கீல், தடய அறிவியல் கூடம், பத்திரிகை, தெரு என்று எல்லாம் ஒரு பக்கம் இருக்கும்போது, மறுபக்கம் ஒரு நண்பராவது இருக்கட்டும். ஆனால் ஆளை வைத்து நிலத்தைப் பிடுங்கும் பணக்காரருக்கும் வக்கீல் நண்பர்தானா? டேவிட் லூபன் 1988-இல் எழுதிய நூல் இந்த இடத்தைத்தான் பிடித்தது. அரசின் முழு பலத்துக்கு எதிரே தனி மனிதர் நிற்கும் குற்ற வழக்கில் எதிரி வக்கீலின் ஒருதலைச் சார்புக்கு முழு நியாயம் உண்டு, பலமானவர் பலவீனமானவர் மேல் ஏறும் வழக்குகளுக்கும் பேரங்களுக்கும் அதே நியாயத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது என்றார் அவர். இந்தக் கட்டுரையின் கட்சியும் அதுதான்.

குற்ற வழக்கிலும் முழு நியாயம் என்றால் எல்லை இல்லை என்று பொருளாகாது. 1840-இல் லண்டனில் வில்லியம் ரஸ்ஸல் பிரபு படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். வேலைக்காரர் குர்வாசியே கைதானார். விசாரணையின் நடுவில் அவர் தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம், கொன்றது நான்தான், ஆனாலும் எனக்காக வாதாடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிலிப்ஸ் திகைத்து, நீதிபதிகளில் ஒருவரிடம் தனியே யோசனை கேட்டார். விலகாதே, சாட்சியத்திலிருந்து எழும் நேர்மையான வாதங்கள் எல்லாவற்றையும் வை என்பது பதில். அவர் தொடர்ந்தார். விலகாதது சரி. ஆனால் வாதத்தின்போது வீட்டு வேலைக்காரப் பெண்கள் மேல் சந்தேகத்தைத் திருப்பினார் என்ற குற்றச்சாட்டு அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. போலீஸின் ஆதாரம் போதாது என்று சொல்வதும், குற்றமறியாத இன்னொருவரைக் கை காட்டுவதும் ஒன்றல்ல. முன்னது வக்கீலின் கடமை. பின்னதை எந்த கவுனும் மறைக்காது.

நம் சட்டமும் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. போக்சோ சட்டத்தின் 33-ஆவது பிரிவுப்படி, குறுக்கு விசாரணைக் கேள்விகளை எதிரியின் வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். மிரட்டும் கேள்விக்கும் குழந்தையின் நடத்தையை இழிவுபடுத்தும் கேள்விக்கும் இடமில்லை. அந்தக் கட்டுக்குள் நின்றே மரபணு மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கேமராப் பதிவை யார் எடுத்தது, ஒப்புதல் வாக்குமூலம் எந்த நிலையில் வாங்கப்பட்டது என்று ஒரு வக்கீல் நாள் முழுதும் கேட்கலாம். குழந்தையை மறுபடி காயப்படுத்தாமல் எதிரிக்காக வாதாட முடியும். அப்படிச் செய்யும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் செய்தியில் வருவதில்லை, வீட்டாரும் சுற்றத்தாரும் கேட்கும் கேள்விகள்தான் அவர்களுக்குக் கிடைக்கின்றன.

ஊர் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அங்கே ஊர் கோபப்படுவதில்லை. பிரான்சில் குடியேறிவிட்ட குடும்பங்களின் பழைய வீடுகளும் மனைகளும் புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கின்றன. வாரிசுகள் ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள், சிலர் அதுவும் இல்லை. அந்தச் சொத்துகளைப் போலி உயில், போலி பவர் பத்திரம், இறந்தவர் பெயரில் கையெழுத்து என்று வளைத்துப்போடுவது நகரத்தின் தீராத நோய். கோயில் நிலமும் தப்பவில்லை. காமாட்சியம்மன் கோயில் நில மோசடி வழக்கில், 2023-இல், பத்திரப் பதிவு அதிகாரிகளே கைதானார்கள். இப்படி ஒரு பத்திரம் தானாக முளைக்காது. யாரோ வாசகம் எழுதுகிறார், யாரோ அடையாளம் காட்டுகிறார், யாரோ சான்றுறுதி தருகிறார். எங்கே ஓட்டை, எந்த நீதிமன்றத்தில் எப்போது வழக்குப் போட்டு எத்தனை வாய்தா வாங்கினால் எதிராளி சலித்துப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார் என்று யாரோ வழிகாட்டுகிறார்.

குற்றம் நடந்து முடிந்த பிறகு, சங்கிலியில் வந்து நிற்பவர் பக்கத்தில் நிற்கும் வக்கீல் வேறு. குற்றம் நடப்பதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்து அதற்கு உருவம் கொடுப்பவர் வேறு. முதலாமவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர். இரண்டாமவர் உடந்தை. தன் கட்சிக்காரரின் ஊதுகுழலாக இருக்கக் கூடாது, சொந்தப் புத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்று பார் கவுன்சில் விதி சொல்வது இந்த இரண்டாம் வகைக்கு நன்றாகவே பொருந்தும். முதல் வகையினரை ஊர் தூற்றுகிறது. இரண்டாம் வகையினருக்கு மாலையும் பொன்னாடையும் போடுகிறது. இந்தத் தலைகீழ் மதிப்பீடு மாறாமல் தொழில் அறம் பற்றிய பேச்சு நகராது.

கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, இரண்டும் வக்கீலிடம் சொன்னதை வெளியிடாமல் காக்கின்றன. குற்றம் செய்வதற்காக நடந்த பேச்சை மட்டும் அவை காப்பதில்லை. 2025-இல் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கு, அவர் சொன்ன சட்டக் கருத்துக்காகவே அமலாக்கத் துறை சம்மன் அனுப்பி, பிறகு எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றம், அந்த விதிவிலக்குக்குள் வந்தால் ஒழிய, கட்சிக்காரரைப் பற்றி விசாரிக்க வக்கீலை அழைக்கக் கூடாது என்று வரையறுத்தது. நல்ல தீர்ப்பு. வக்கீலிடம் பேசுவது போலீஸிடம் பேசுவதாகிவிட்டால் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார், உண்மை தெரியாத வக்கீலால் யாருக்கும் பயனில்லை.

வக்கீல் தொழிலின் மானம் இந்த ஊரில் எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல் ஐரோப்பியர் போல் காலுறையும் பூட்ஸும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியருக்கு அது அனுமதி இல்லை என்று தடுத்தார்கள். அவர் பணியவில்லை. வழக்கு பாரிஸில் உள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போனது. அங்கே அவருக்காக வாதாடியவர், பின்னாளில் பிரெஞ்சு இந்தியாவின் நாடாளுமன்றப் பிரதிநிதியான ழூல் கோதேன். பொன்னுத்தம்பி வென்றார். பின்னர் லப்போர்த் என்ற பெயர் சூடி, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களின் தலைவரானார். கடல் கடந்து, வேற்று இனத்து வக்கீல் ஒருவர் பொன்னுத்தம்பியின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துப் பேசியதால் கிடைத்த வெற்றி அது. அந்த உரிமையைப் பெற்று வளர்ந்த தொழில், அதே உரிமையைக் கைவிலங்கோடு வருபவருக்கு மறுக்கலாகாது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வழக்கறிஞர் சங்கம், ஊரே வெறுக்கும் வழக்குகளுக்கென்று அனுபவமுள்ள மூத்த வக்கீல்களின் முறைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். யார் முறை வந்தாலும் அவர் நிற்பார், மற்றவர்கள் அவர் பின்னால் நிற்பார்கள். இது என் விருப்பமல்ல, என் முறை என்று அவர் தெருவில் தைரியமாகச் சொல்லலாம். ஜூனியர்களின் தலையில் கட்டிவிடும் வேலையாக இது இருக்கக் கூடாது. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டான ஒருவரைத் தனியாக நிறுத்துவது வக்கீல் இல்லாததற்குச் சமம்.

அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் முதல் நாளிலேயே, மாஜிஸ்திரேட் முன்னிலையில், சட்ட உதவி வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும். வக்கீல் பெறும் உரிமை உனக்கு உண்டு என்று முதல் நாளிலேயே மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும் என்று 2012-இல், மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. கசாபுக்காக மும்பையில் வாதாட முன்வந்தவரின் வீட்டைக் கும்பல் தாக்கியதும், பின்னர் உச்ச நீதிமன்றத்தில் ராஜு ராமச்சந்திரன் அவருக்காக முழு அளவில் வாதாடியதும், அப்படியும் தண்டனை உறுதியானதும் எல்லாருக்கும் தெரியும். முழுமையாக வாதாடப்பட்ட அந்தத் தீர்ப்பை இன்றுவரை எவரும் குறை சொல்லி அசைக்க முடியவில்லை. மௌலிவாக்கத்தில் அந்த உறுதி கிடைக்காமல் போனது.

முத்தியால்பேட்டை வழக்கில் கைதான இருவரில் மூத்தவர், வழக்கு முடியும் முன்பே, 2024 செப்டம்பரில் காலாப்பட்டு மத்திய சிறையில் இறந்துபோனார். அவரைப் பற்றிய கேள்விக்கு இனி நீதிமன்றம் பதில் சொல்ல முடியாது. அதே காலாப்பட்டில்தான் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கிறது. தொழில் அறம் அங்கே கட்டாயப் பாடம். பெரும்பாலும் விதி எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதோடு அது முடிந்துவிடுகிறது. நைனியப்பரின் விசாரணை ஆவணங்களையும் மௌலிவாக்கத் தீர்ப்பையும் மாணவர்கள் அருகருகே வைத்துப் படிக்கட்டும். சிறைக்குப் போய் விசாரணைக் கைதிகளிடம், உங்கள் வக்கீல் பெயர் என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்து வரட்டும். அந்தக் குறிப்புகளை மாவட்ட நீதிபதியிடமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் ஒவ்வொரு பருவமும் கல்லூரி ஒப்படைக்கட்டும். ஆஜராக மாட்டோம் என்ற அறிவிப்பு இனி எந்தச் சங்கத்திலிருந்து வந்தாலும், அதில் கையெழுத்திட்டவர்கள் மேல் வழக்கறிஞர் சட்டம் 35-ஆவது பிரிவின் கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தானாகவே விசாரணை தொடங்கட்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2010 தீர்ப்பே போதுமானது.